மெய்நிகர் மேசை: வீட்டில் வேலை, அலுவலகத்தில் ஆவணம்

எழுத்து வேலை எந்த இடத்தில் நடைபெற வேண்டும் என்பதை நெடுங்காலமாக முடிவு செய்து வந்தது ஏடுதான். பேரேடு கடையில் இருந்தது. ஆகவே கணக்கர் கடைக்குச் சென்றார். செக்ரோல் புத்தகம் தோட்ட அலுவலகத்தில் இருந்தது. ஆகவே கிராணி அங்கே அமர்ந்து பெயர் பதிந்தார். நோயாளரின் பதிவுத்தாள் மருத்துவமனையில் இருந்தது. ஆகவே அதனைப் பார்க்க வேண்டிய மருத்துவர் அங்கே வந்தார். மாலையில் ஏடு அலமாரிக்குள் சென்றது. அலமாரியின் சாவி பொறுப்புடைய ஒருவரிடம் இருந்தது. வேலை நடக்கும் இடமும் ஏட்டைக் காக்கும் இடமும் ஒன்றாகவே இருந்தமையால், அவ்விரண்டையும் பிரித்து எண்ண வேண்டிய தேவை எவருக்கும் எழவில்லை.

கணினியும் இணையமும் வந்த பின்னர் அத்தேவை எழுந்தது. கொவிட்-19 தொற்று அதனை ஒரே வாரத்தில் எல்லாருடைய கவலையுமாக ஆக்கியது. 2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. சிங்கப்பூரில் அதே ஆண்டு ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை நோய்ப் பரவல் முறியடிப்புத் திட்டம் நடைமுறையில் இருந்தது. அலுவலகங்கள் பூட்டப்பட்டன. சம்பளப் பட்டியலும், வாடிக்கையாளர் கணக்கும், காப்புறுதிக் கோரிக்கையும் வீடுகளிலிருந்தே கவனிக்கப்பட வேண்டியவை ஆயின.

தொற்று தணிந்த பின்னும் அப்பழக்கம் முற்றிலும் மறையவில்லை. மலேசியாவில் 2023 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்த வேலைச் சட்டத் திருத்தம், வேலை செய்யும் நேரத்தையோ நாளையோ இடத்தையோ மாற்றித் தருமாறு எழுத்து மூலம் விண்ணப்பிக்கும் உரிமையை ஊழியர்க்கு அளித்தது. முதலாளி 60 நாளுக்குள் விடை கூறுதல் வேண்டும். சிங்கப்பூரில் 2024 டிசம்பர் 1 முதல் நடப்புக்கு வந்த முத்தரப்பு வழிகாட்டிக் குறிப்புகளும் இத்தகைய விண்ணப்பத்துக்கு இரண்டு மாதத்துக்குள் விடையளிக்கக் கூறுகின்றன. எனவே, வேலை வீட்டிற்குச் செல்லும்போது ஆவணமும் உடன் செல்ல வேண்டுமா என்னும் வினா, பெரிய நிறுவனங்களுக்கு மட்டும் உரியதன்று. பத்துப் பேர் பணிபுரியும் கணக்காய்வகத்துக்கும் அஃது உரியதே.

செல்ல வேண்டியதில்லை என்பது அவ்வினாவுக்குக் கணினித் துறை அளித்துள்ள விடைகளுள் ஒன்று. அவ்விடையின் பெயர்தான் மெய்நிகர் மேசை. அதன் இயல்பு யாது, அஃது எதனைக் காக்கும், எதனைக் காவாது என்பன ஆய்ந்தறியத் தக்கவை. இதனை வாங்கிவிட்டாலே காவல் முற்றிற்று என்று எண்ணியிருந்த இடங்களில் பெருங்கேடுகள் நிகழ்ந்திருக்கின்றன.

பெயரும் பொருளும்

கணினியைத் திறந்தவுடன் திரையில் தோன்றும் முதற்பரப்பு, எழுது மேசையின் மேற்பரப்பைப் போன்றது. கோப்புகளும் கருவிகளும் அதன்மேல் பரப்பி வைக்கப்பட்டிருக்கும். ஆங்கிலேயர் அதனை 'டெஸ்க்டாப்' என்றனர். 'வெர்ச்சுவல்' என்னும் அடைமொழி, ஆற்றல் என்று பொருள்படும் இலத்தீன் வேரிலிருந்து வந்தது. வடிவத்தில் ஒரு பொருளாக இல்லாதிருந்தும், ஆற்றலில் அப்பொருளாகவே இயங்குவது என்பது அதன் கருத்து. தமிழில் வழங்கும் 'மெய்நிகர்' என்னும் சொல் இக்கருத்தை நன்கு ஏந்துகிறது. மெய்க்கு நிகரானது எனும்போது, அது பொய் அன்று என்பதும், மெய்யே அன்று என்பதும் ஒருங்கே பெறப்படும். 'மாயக் கணினி' என்று வகுப்பில் சொல்ல நேர்ந்தால் மாணவர் இதனைக் கண்கட்டு வித்தை என்று கொள்வர். மெய்நிகர் மேசையில் எழுதப்படும் கணக்கு மெய்யான கணக்கே. அது வேறோர் இடத்தில், மெய்யான ஒரு பொறியில்தான் எழுதப்படுகிறது.

பழைய கருத்து, புதிய உருவம்

ஒரு பெரிய பொறியைப் பலர் தொலைவிலிருந்து பகிர்ந்து கொள்ளும் எண்ணம் இன்று நேற்று தோன்றியதன்று. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த பெர்னாண்டோ கொர்பாட்டோ என்பவரும் அவருடைய குழுவினரும் 1961ஆம் ஆண்டில் காலப் பகிர்வு முறையைச் செய்து காட்டினர். ஒரே கணினி, ஒவ்வொருவருக்கும் தன் நேரத்தில் சிறு சிறு பகுதியை மாறி மாறி அளித்தது. ஒவ்வொருவரும் அது தமக்கே உரியது என்று உணரும் அளவுக்கு அம்மாற்றம் விரைவாக நிகழ்ந்தது. 1967இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் கேம்பிரிட்ஜ் அறிவியல் நிலையம் மற்றோர் அடி எடுத்து வைத்தது. அங்குச் செயற்பட்ட சி.பி.-40 என்னும் முறை, ஒரு பொறிக்குள்ளேயே பல பொறிகள் தனித்தனியே இயங்குவது போன்ற ஏற்பாட்டைச் செய்தது. மெய்நிகர் கணினி என்பதன் தொடக்கங்களுள் அஃது ஒன்று.

1981இல் ஐ.பி.எம். தன் தனியாள் கணினியை விற்பனைக்குக் கொணர்ந்தது. அதன் பின்னர் ஒவ்வொரு மேசைக்கும் ஒரு கணினி வந்தது. ஆவணங்களும் அவ்வவற்றின் உள்ளே சிதறிக் கிடந்தன. சிதறியவற்றை மீண்டும் ஓரிடத்தில் சேர்க்கும் முயற்சி 1989இல் எட் யாக்கோபூச்சி தோற்றுவித்த சிட்ரிக்ஸ் நிறுவனத்தால் வலுப்பெற்றது. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 1998இல் பலர் ஒரே சேவையகத்தில் அமர்ந்து பணிபுரியத் தக்க விண்டோஸ் பதிப்பை வெளியிட்டது. அதே ஆண்டில் தோன்றிய விஎம்வேர் நிறுவனம், பெரும் பொறிகளுக்கே உரியதாயிருந்த மெய்நிகர்க் கணினி முறையைச் சாதாரணச் சேவையகங்களுக்கும் கொண்டு வந்தது. அமேசான் 2014இலும் மைக்ரோசாஃப்ட் 2019இலும் மெய்நிகர் மேசைகளை வாடகைக்கு விடும் சேவையை யாவர்க்கும் திறந்துவிட்டன. சேவையகம் வாங்க இயலாத சிறு நிறுவனமும் ஆள் ஒருவருக்கு இவ்வளவு என்று மாதந்தோறும் கட்டணம் செலுத்தி இம்முறையைக் கைக்கொள்ள அதனால் வழி பிறந்தது.

செயற்படும் முறை

கிள்ளானில் தம் வீட்டிலிருந்தபடி கோலாலம்பூர் நிறுவனம் ஒன்றின் கணக்கை எழுதுபவர் ஒருவரை எடுத்துக்கொள்ளலாம். அவர் தம் மடிக்கணினியில் ஒரு சிறு மென்பொருளைத் திறக்கிறார். அது நிறுவனத்தின் நுழைவாயில் எனப்படும் சேவையகத்தை அடைகிறது. அங்கு அவர் தம் பெயரையும் மறைச்சொல்லையும் கூறுகிறார். தம் கைத்தொலைபேசியில் தோன்றும் ஒருமுறை எண்ணையும் இரண்டாம் சான்றாக அளிக்கிறார். வந்தவர் இன்னார் என்று தெளிந்ததும், ஒதுக்கீடு செய்யும் மென்பொருள் அவருக்குரிய மேசை எந்தச் சேவையகத்தில் உள்ளது என்று பார்த்து அவரை அதனுடன் இணைக்கிறது. அச்சேவையகத்திலோ இவரைப் போன்ற பலருக்குரிய மெய்நிகர்க் கணினிகள் அடுத்தடுத்து இயங்கிக் கொண்டிருக்கும். ஒன்றின் நினைவகத்தை மற்றொன்று எட்டிப் பாராதபடி அவற்றின் அடியில் இருக்கும் மேற்பார்வை மென்பொருள் வேலியிட்டு வைத்திருக்கும்.

இனி அவர் ஓர் எழுத்தை அழுத்துகிறார். அவ்வழுத்தம் கிள்ளானிலிருந்து சேவையகத்துக்குச் செல்கிறது. எழுத்து அங்கேயுள்ள கணக்கில் பதிகிறது. பதிந்ததனால் மாறிய திரையின் தோற்றம் மட்டும் கிள்ளானுக்குத் திரும்பி வருகிறது. ஆகவே கம்பியின் வழியே ஒரு திசையில் செல்வன விசை அழுத்தங்களும் சுட்டியின் அசைவுகளும். மறுதிசையில் வருவது படம். கணக்குக் கோப்பு தன் இடத்தை விட்டு நகர்வதில்லை. மடிக்கணினி பேருந்தில் தொலைந்து போனாலும், தொலைந்தது மடிக்கணினி ஒன்றே.

படம் மட்டுமே வருகிறது என்பதனால் சுமை சிறிது என்று எண்ணிவிடலாகாது. வழக்கமான திரை ஒன்றில் குறுக்கே 1,920 புள்ளிகளும் நெடுக்கே 1,080 புள்ளிகளும் உள்ளன. மொத்தம் 2,073,600 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் குறிக்க 3 பைட் வேண்டுமெனின், ஒரு முழுத் திரைக்கு 6,220,800 பைட் ஆகும். நொடிக்கு 30 முறை முழுத் திரையையும் அனுப்ப முனைந்தால் 18 கோடி பைட்டுக்கு மேல் செல்ல வேண்டும். வீட்டு இணைப்புகள் பலவும் அதனைத் தாங்கா. ஆகவே சேவையகம் திரை முழுவதையும் அனுப்புவதில்லை. மாறிய பகுதியை மட்டும் தேர்ந்து, சுருக்கி, பிறர் படிக்கவொண்ணா மறைமொழியாக மாற்றி அனுப்புகிறது. கடிதம் எழுதும்போது மாறுவது ஒரு வரியே ஆதலின் சுமை மிகக் குறைவு. அசையும் படங்களைக் காணும்போது சுமை ஏறுகிறது.

தொலைவும் கருதத் தக்கது. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 200,000 கிலோமீட்டர் செல்லும். சேவையகம் 10,000 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தால், அழுத்தம் போய்ப் படம் திரும்புவதற்கே நொடியில் பத்தில் ஒரு பங்கு கழிந்துவிடும். விரைந்து தட்டெழுதுவோர் அத்தாமதத்தை உணர்வர். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உள்ளோர்க்கு இவ்வட்டாரத்திலேயே சேவையகம் இருப்பது நலம் என்பதற்கு இதுவே காரணம்.

சிலேட்டும் குறிப்பேடும்

மெய்நிகர் மேசைகள் இரு வகைப்படும். ஒன்று, ஒருவருக்கென்றே நிலையாக ஒதுக்கப்பட்ட மேசை. அதில் அவர் செய்த மாற்றங்கள் மறுநாளும் அப்படியே இருக்கும். அது குறிப்பேட்டைப் போன்றது. மற்றொன்று, பொதுத் தொகுதியிலிருந்து அன்றன்று எடுத்துத் தரப்படும் மேசை. அவர் வெளியேறியதும் அது துடைக்கப்பட்டு, மூலப்படி ஒன்றிலிருந்து புதிதாக ஆக்கப்படும். அது சிலேட்டைப் போன்றது. அவர் எழுதிய ஆவணங்கள் வேறொரு களஞ்சியத்தில் சேர்க்கப்பட்டுவிடுவதால் அவை அழிவதில்லை. அழிவது மேசையின் மேல் தங்கிய தூசு மட்டுமே. அத்தூசோடு, கவனக்குறைவால் மேசைக்குள் புகுந்த தீய மென்பொருளும் பெரும்பாலும் போய்விடும். தொலைபேசி வழி வாடிக்கையாளர்க்கு விடையளிப்போர் போன்ற ஒரே வகை வேலை செய்வோர்க்குச் சிலேட்டு முறை பொருந்தும். தனித்தனிக் கருவிகள் வேண்டிய பொறியாளர், மென்பொருள் எழுதுநர் ஆகியோர்க்குக் குறிப்பேட்டு முறையே ஏற்றது.

காவலில் பெறும் நன்மை

தொலைவிலிருந்து வேலை செய்வதற்கு இம்முறைக்கு முன்பே பரவலாக இருந்தது மெய்நிகர்த் தனிவலை என்னும் முறை. அது வீட்டுக் கணினிக்கும் அலுவலக வலைக்கும் இடையே ஒரு சுரங்கப்பாதையை அமைக்கிறது. பாதையின் உள்ளே செல்வதைப் பிறர் காண இயலாது. ஆயினும் வீட்டுக் கணினி அலுவலக வலையின் ஓர் உறுப்பாகவே ஆகிவிடுகிறது. பிள்ளைகள் விளையாட்டுக்காக இறக்கிய மென்பொருளோடு வந்த நச்சுநிரல் அதில் இருந்தால், அதுவும் அச்சுரங்கத்தின் வழியே அலுவலகத்துக்குள் நடக்கும். கோப்புகளும் வீட்டுக் கணினிக்கு இறங்கிவிடும்.

மெய்நிகர் மேசையில் வீட்டுக் கணினி அவ்வளவு தூரம் உள்ளே அனுமதிக்கப்படுவதில்லை. ஒரு பக்கத்தில் வெட்டியதை மறுபக்கத்தில் ஒட்டுதல், வீட்டு அச்சுப்பொறியில் அச்சிடுதல், விரல்நீளச் சேமிப்புக் கருவியில் படியெடுத்தல் ஆகிய ஒவ்வொன்றையும் நிறுவனம் தனித்தனியே தடுக்கலாம். ஊழியரின் பெயரையும் நேரத்தையும் திரையின் குறுக்கே மெல்லிய எழுத்தில் காட்டலாம். மென்பொருளில் குறை ஒன்று தெரியவந்தால், ஆயிரம் வீடுகளில் உள்ள ஆயிரம் கணினிகளைத் தேடித் திருத்த வேண்டியதில்லை. மூலப்படியைத் திருத்தினால் மறுநாள் எல்லாச் சிலேட்டுகளும் திருந்திய நிலையில் வரும். ஊழியர் ஒருவர் வேலையை விட்டு நீங்கினால் அவருக்குரிய அனுமதியை ஒரு நொடியில் நிறுத்திவிடலாம்.

ஊழியர்க்கும் இதில் நன்மை உண்டு. அவருடைய குடும்பப் படங்களும் சொந்தக் கடிதங்களும் இருக்கும் கணினிக்குள் நிறுவனம் நுழைய வேண்டிய காரணம் பெரிதும் குறைகிறது. ஆனால் மெய்நிகர் மேசைக்குள் அவர் செய்வதனைத்தையும் நிறுவனம் பதிவு செய்ய இயலும். எதைப் பதிவு செய்கிறது என்பதை அவருக்கு முன்னரே தெரிவித்தல் முறையாகும்.

சிங்கப்பூரில் நேர்ந்தது

நன்மைகள் இவ்வளவு இருந்தும் காவல் தவறக்கூடும் என்பதற்குத் தொலைவில் சென்று சான்று தேட வேண்டியதில்லை. 2018ஆம் ஆண்டு ஜூன் 27 முதல் ஜூலை 4 வரை சிங்ஹெல்த் குழுமத்தின் நோயாளர் தரவுகள் திருடப்பட்டன. 15 இலட்சம் பேரின் பெயர், அடையாள அட்டை எண், முகவரி, பிறந்த நாள் முதலியன படியெடுக்கப்பட்டன. அவர்களுள் ஏறத்தாழ 160,000 பேருக்கு வழங்கப்பட்ட மருந்துகளின் விவரமும் சென்றது. அப்போதைய பிரதமர் லீ சியன் லூங்கின் விவரங்கள் குறிவைத்துத் திரும்பத் திரும்பத் தேடப்பட்டன. ஜூலை 20ஆம் நாள் இச்செய்தி பொதுமக்களுக்கு அறிவிக்கப்பட்டது.

ரிச்சர்டு மேக்னஸ் தலைமையில் அமைந்த விசாரணைக் குழுவின் அறிக்கை 2019 ஜனவரியில் வெளியிடப்பட்டது. திருடர் முதலில் 2017 ஆகஸ்டிலேயே சாதாரணப் பணிக் கணினி ஒன்றின் வழியே உள்ளே நுழைந்திருந்தனர். பின்னர் அவர்களுக்குப் பாலமாக அமைந்தவை சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனையில் இருந்த சிட்ரிக்ஸ் சேவையகங்கள். பயனருக்கும் தரவுக் களஞ்சியத்துக்கும் இடையே நின்று, மென்பொருளைத் தன்னிடம் இயக்கிப் படத்தை மட்டும் அனுப்பும் வகையைச் சேர்ந்தவை அவை. தொழில்நுட்ப வகையில் மெய்நிகர் மேசைக்கு அவை உடன்பிறப்பு எனலாம்.

அச்சேவையகங்களின் காவலில் குழு கண்ட குறைகள் எளியவை. நிருவாகக் கணக்கு ஒன்றின் மறைச்சொல் எளிதில் ஊகிக்கத் தக்கதாக இருந்தது. நிருவாகிகள் இரண்டாம் சான்று அளித்தே நுழைதல் வேண்டும் என்னும் விதி வேறு வழியின்றிக் கட்டாயமாக்கப்படவில்லை. அச்சேவையகங்களிலிருந்து நோயாளர் தரவுக் களஞ்சியத்துக்குச் செல்லும் வலைத்தொடர்பு, இருந்தே தீர வேண்டிய தேவை இல்லாதிருந்தும் திறந்தே விடப்பட்டிருந்தது. ஜூலை 4ஆம் நாள் விழிப்புடன் இருந்த தரவு நிருவாகி ஒருவர் வழக்கத்துக்கு மாறான தேடல்களைக் கண்டு தடுத்தமையால்தான் திருட்டு நின்றது. குழு 16 பரிந்துரைகளை அளித்தது. தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையம், தகவல் முறைகளை நடத்திய ஐ.எச்.ஐ.எஸ். நிறுவனத்துக்கு 750,000 வெள்ளியும் சிங்ஹெல்த்துக்கு 250,000 வெள்ளியும் தண்டம் விதித்தது.

இடைநின்ற சேவையகம் என்னும் கருத்து தவறானதன்று என்பது ஈண்டு நோக்கத் தக்கது. அதே கருத்து பின்னர் மருந்தாகவும் ஆராயப்பட்டது. திருட்டுக்குப் பின் பொது மருத்துவமனைகளின் பணிக் கணினிகள் இணையத்திலிருந்து துண்டிக்கப்பட்டன. அத்துண்டிப்பால் மருத்துவப் பணிக்கு இடையூறு நேர்ந்தது. மெய்நிகர் உலாவி என்னும் முறையைச் சோதித்துப் பார்க்கப் போவதாகச் சுகாதார அமைச்சு 2019 ஜனவரியில் அறிவித்தது. அம்முறையில் இணையப் பக்கம் தொலைவிலுள்ள தனிச் சேவையகத்தில் திறக்கப்படும். மருத்துவமனைக் கணினிக்கு அதன் படம் மட்டும் வரும். மெய்நிகர் மேசையில் அரும்பொருள் உள்ளே காக்கப்பட்டுப் படம் வெளியே செல்கிறது. மெய்நிகர் உலாவியில் தீங்கு வெளியே நிறுத்தப்பட்டுப் படம் உள்ளே வருகிறது. இரண்டும் ஒரே கருத்தின் இரு பயன்கள்.

அமெரிக்கா கண்ட இரு நிகழ்ச்சிகள்

2024 பிப்ரவரி 12ஆம் நாள், அமெரிக்காவில் மருத்துவக் கட்டணங்களைக் கையாளும் சேஞ்ச் ஹெல்த்கேர் நிறுவனத்தினுள் திருடர் நுழைந்தனர். நுழைந்த வழி, ஊழியர் தொலைவிலிருந்து தம் மேசைகளை அடைவதற்கென வைத்திருந்த சிட்ரிக்ஸ் நுழைவாயில். கையில் இருந்த கருவி, எவரிடமிருந்தோ களவாடிய பெயரும் மறைச்சொல்லும். அந்நுழைவாயிலில் இரண்டாம் சான்று கேட்கப்படவில்லை. தாய் நிறுவனமான யுனைடெட்ஹெல்த் குழுமத்தின் தலைமை நிருவாகி ஆண்ட்ரூ விட்டி 2024 மே முதல் நாள் அமெரிக்க நாடாளுமன்றக் குழுக்களின் முன் இதனை ஒப்புக்கொண்டார்.

நுழைந்து ஒன்பது நாட்கள் உள்ளே உலவிய பின், பிப்ரவரி 21ஆம் நாள் திருடர் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டனர். நாடெங்கும் மருந்தகங்களில் காப்புறுதி வழி மருந்து பெற முடியாது மக்கள் இடர்ப்பட்டனர். மருத்துவர்க்கு வரவேண்டிய பணம் வாரக்கணக்கில் நின்றது. 2 கோடியே 20 இலட்சம் அமெரிக்க வெள்ளி திருடருக்குக் கொடுக்கப்பட்டது. ஏறத்தாழ 19 கோடிப் பேரின் விவரங்கள் பாதிக்கப்பட்டதாக நிறுவனம் 2025 ஜனவரியில் தெரிவித்தது. கைத்தொலைபேசியில் தோன்றும் ஓர் எண்ணைக் கேட்டிருந்தால் அந்தத் திருடிய மறைச்சொல் மட்டும் அவர்களை உள்ளே விட்டிருக்காது.

இரண்டாம் சான்று இருந்தால் போதுமா என்னும் வினாவுக்கு அதற்கு முந்திய ஆண்டு நிகழ்ந்தது விடை கூறும். 2023 அக்டோபர் 10ஆம் நாள் சிட்ரிக்ஸ் நிறுவனம் தன் நுழைவாயில் கருவியில் இருந்த பெருங்குறை ஒன்றை அறிவித்துத் திருத்தத்தையும் வெளியிட்டது. முறைப்படி நுழைந்து பணிபுரிந்து கொண்டிருப்பவரின் அனுமதிச் சீட்டையே அக்குறையின் வழியே களவாட முடிந்தது. சீட்டு கிடைத்த பின் மறைச்சொல்லும் வேண்டா. ஒருமுறை எண்ணும் வேண்டா. திருத்தத்தைப் பொருத்தினாலும் முன்னரே களவு போன சீட்டுகள் செல்லுபடியாகும் ஆதலின், அதுவரை நுழைந்திருந்த எல்லாரையும் வெளியேற்றிவிட வேண்டியிருந்தது. காம்காஸ்ட் நிறுவனத்தில் அதே மாதம் 16ஆம் நாள் முதல் 19ஆம் நாள் வரை இவ்வழியே திருடர் உட்புகுந்து, ஏறத்தாழ மூன்றரைக் கோடி வாடிக்கையாளரின் தரவைக் கவர்ந்தனர். திருத்தம் வெளியானதற்கும் களவு நிகழ்ந்ததற்கும் இடையே ஒரு வாரமே இருந்தது.

காவல் எங்கே இடம்பெயர்கிறது

இம்மூன்று நிகழ்ச்சிகளையும் சேர்த்து நோக்கின் ஓர் உண்மை தெளிவாகும். மெய்நிகர் மேசை ஆவணங்களைப் பல வீடுகளிலிருந்து விலக்கி ஓரிடத்தில் சேர்க்கிறது. ஆகவே ஆயிரம் சிறு கதவுகளின் காவல், ஒரு பெருங்கதவின் காவலாக மாறுகிறது. ஆயிரம் கதவுகளைக் காப்பதைவிட ஒன்றைக் காப்பது எளிது. ஆனால் அவ்வொன்று திறந்து கிடந்தால் இழப்பும் ஆயிரம் மடங்கு. அலமாரியில் எல்லா ஏடுகளையும் வைத்தவர் அதன் சாவியைக் கதவிலேயே தொங்கவிட்டால், ஏடுகளைச் சிதறவிட்டவரைக் காட்டிலும் மிகுதியாக இழப்பார்.

மெய்நிகர் மேசையால் தடுக்க இயலாதவையும் உள்ளன. வீட்டுக் கணினியில் விசை அழுத்தங்களை ஒட்டுக்கேட்கும் நச்சுநிரல் இருந்தால், ஊழியர் தட்டுவது அனைத்தும் அதற்குத் தெரியும். திரையைப் படம்பிடிக்கும் நிரல் இருந்தால் அவர் காண்பதும் தெரியும். எதிரே அமர்ந்து கைத்தொலைபேசியால் திரையைப் படமெடுப்பவரை எந்தச் சேவையகமும் தடுக்காது. பொய்யான மின்னஞ்சலை நம்பிப் பணத்தை அயலார் கணக்குக்கு அனுப்பும் ஊழியர், மெய்நிகர் மேசையிலிருந்தும் அதனையே செய்வார். மேலும், நுழைவாயிலோ இணையமோ நின்றுவிட்டால் எல்லாருடைய வேலையும் ஒரே நேரத்தில் நிற்கும். காலை ஒன்பது மணிக்கு எல்லாரும் ஒருங்கே நுழையும்போது சேவையகம் திணறுவதும் உண்டு.

சிறு நிறுவனங்கள் செய்யத் தக்கவை

இவ்வளவும் பெரிய நிறுவனங்களின் கதையாகத் தோன்றினும், செய்யத் தக்கவை சிறு நிறுவனத்தின் கைக்கும் எட்டுவனவே. முதலாவது, விதிவிலக்கின்றி எல்லாரிடமும் இரண்டாம் சான்று கேட்டல். உரிமையாளரிடமும் நிருவாகியிடமும் அதனை முதலிற் கேட்டல் வேண்டும். இரண்டாவது, நுழைவாயிலுக்குரிய திருத்தங்கள் வெளியான அன்றே பொருத்துதல். வாடகை முறையில் மேசை பெறுவோர்க்கு நுழைவாயிலைத் திருத்தும் வேலையைச் சேவை வழங்குநர் ஏற்பர். எனினும் மூலப்படியைத் திருத்தும் பொறுப்பும் யார் யாருக்கு அனுமதி என்னும் பொறுப்பும் நிறுவனத்திடமே தங்கும்.

மூன்றாவது, ஒவ்வொருவருக்கும் அவர் வேலைக்கு வேண்டிய அளவே வழிவிடுதல். சம்பளப் பட்டியல் எழுதுவோர்க்கு விற்பனைக் களஞ்சியத்தின் கதவு திறக்க வேண்டியதில்லை. நான்காவது, வேலையை விட்டு நீங்கியவரின் கணக்கையும், பயன்படாத பழைய சேவையகத்தையும், தேவை தீர்ந்த வலைத்தொடர்பையும் அவ்வப்போது தேடி மூடுதல். ஐந்தாவது, யார் எப்போது எங்கிருந்து நுழைந்தார் என்னும் பதிவை ஒருவர் நாள்தோறும் படித்தல். வழக்கத்துக்கு மாறானதைக் கண்டால் தயங்காது மேலிடத்துக்குச் சொல்லும் துணிவை அவருக்கு அளித்தல்.

மெய்நிகர் மேசை எல்லார்க்கும் வேண்டுவதுமன்று. நாலைந்து பேர் மட்டும் உள்ள, பிறருடைய நுண்ணிய விவரங்களை மிகுதியாகக் கையாளாத நிறுவனத்துக்கு, முறையாகப் பூட்டி மறைமொழியிட்ட மடிக்கணினிகளே போதும். நோயாளர், மாணவர், வாடிக்கையாளர் ஆகியோரின் விவரங்கள் மிகுதியாகக் குவிந்திருக்கும் இடங்களில்தான் இதன் செலவு பயன் தரும்.

சட்டமும் இப்பொறுப்பை இறுக்கி வருகிறது. சிங்கப்பூரில் 2021 பிப்ரவரி முதல், அறிவிக்கத் தக்க அளவுள்ள தரவுக் கசிவு என்று தெளிந்த மூன்று நாளுக்குள் ஆணையத்திடம் தெரிவித்தல் கட்டாயம். மலேசியாவில் 2024ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 2025 ஜூன் முதல் கசிவை ஆணையரிடம் தெரிவித்தல் கடமையாக்கப்பட்டுள்ளது. அதற்குரிய காலம் 72 மணி நேரம். கசிவு ஊழியரின் வீட்டில் நேர்ந்ததா அலுவலகத்தில் நேர்ந்ததா என்று பார்த்து இக்கடமை மாறுவதில்லை.

சிங்ஹெல்த் நிகழ்ச்சியில் களவு போன விவரங்களுக்கு உரியவர்கள், வெளிநோயாளர் மருந்தகத்துக்கும் பலதுறை மருந்தகத்துக்கும் சென்ற சாதாரண மக்கள். சேவையகம் எங்கே இருந்தது, அதன் மறைச்சொல் எத்தகையது என்று அவர்கள் அறியார். அறிய வழியும் இல்லை. பிறர் நம்பி ஒப்படைத்த விவரங்களைக் கையாளும் நிறுவனம் எதுவாயினும், ஊழியரை வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதிக்கும் முன் இரண்டு வினாக்களுக்கு விடை காண வேண்டும்: ஆவணம் எங்கே இருக்கிறது? அதனை அடையும் கதவை யார் காக்கிறார்? முதல் வினாவுக்கு மெய்நிகர் மேசை நல்ல விடை தருகிறது. இரண்டாவதற்கு விடை தர வேண்டியவர் நிறுவனத்தை நடத்துவோரே.